முத்துப்பேச்சிக்கு வரவேண்டிய குதிரை

குதிரை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால் பாக்கெட்டை எடுக்க அருமைநாயகம் கதவைத் திறந்த நேரத்தில். சாம்பல் நிறம், பெண்குதிரை, நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு, முதுகில் சேணம், வாயில் கடிவாளம். கடிவாளத்தின் வாரை யாரோ கைப்பட சுற்றிவிட்டுப் போனதுபோல் கேட்டுக் கம்பியில் மூன்று சுற்று சுற்றியிருந்தது. பால் பாக்கெட்டை மிதித்துவிடாதபடி குளம்பை விலக்கி வைத்துக்கொண்டு, வெகு தூரம் வந்தும் சலித்துக்கொள்ளாத விருந்தாளி மாதிரி அது அவர் முகத்தைப் பார்த்தது. அது ஏறக்குறைய நூற்றெண்பது வருஷம் தாமதமாக வந்திருக்கிறது என்பது கோட்டைக்குறிச்சியில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல், பாலை எடுத்துக்கொண்டு உள்ளே போய் காப்பி போட்டார். காப்பி திரிந்துபோனது.

ஆங்கிலேயக் குடும்பங்களுக்கு அவர்களுடைய முன்னோர்களைத் தேடிக் கொடுப்பது அருமைநாயகத்தின் தொழில். இருபத்திரண்டு வருஷம் இங்கிலாந்தில் ஒரு மாவட்ட ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தவர், அங்கே ஆட்களைக் குறைத்தபோது நாற்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பினார். வேலை விட்டாலும் பழக்கம் விடாமல் கூடவே வந்துவிட்டது. அங்கிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கடிதம் எழுதுவார்கள், எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா கப்பலேறிக் கிழக்கே போனாராம், என்ன ஆனார் என்று. அருமைநாயகம் அந்த ஊர்க் கோயிலின் ஞானஸ்நானப் பதிவில் தொடங்கி, கல்யாணப் பதிவு, அடக்கப் பதிவு, உயில் என்று ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் நம்மூர்க் கல்லறைத் தோட்டம் ஒன்றில் கொண்டுவந்து விடுவார். உயில்கள் என்றால் அவருக்கு உயிர். பெரிய இரும்புச் சட்டியை மூத்த மகளுக்கும், தேன்கூடுகள் நான்கையும் தேனீக்களோடு இளையவளுக்கும், குளிர்காலக் கோட்டை மாட்டுக்காரனுக்கும் எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போன மாவரைப்பவர்களையும் நெசவாளிகளையும், சொந்தச் சித்தப்பா பெரியப்பாக்களைவிட அவர் நன்றாக அறிவார்.

உயிலைப் படமெடுத்து அனுப்பினால் போதும் என்று இப்போது எல்லோரும் சொல்வார்கள். அருமைநாயகம் கையால்தான் பிரதி எடுப்பார், வரிக்கு வரி, அடித்தல் திருத்தலோடு. மூலத்தில் எங்காவது இடம் காலியாக விடப்பட்டிருந்தால் பிரதியிலும் அதே அளவு காலியாக விட்டு, தான் எதையும் விழுங்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாக ஓரத்தில் தன் முழுப் பெயரைக் கையெழுத்தாகப் போடுவது அந்தக் காப்பகத்தின் வழக்கம். ஓரத்தில் மட்டும்தான் போடவேண்டும்.

அந்த வருஷம் அவர் கையில் இருந்தது விட்லாக் குடும்பத்தின் வேலை. கேட்டவர் மிஸஸ் விட்லாக், எண்பத்து நாலு வயது, நார்ஃபோக் பக்கத்தில் ஒரு கிராமம். இங்கிலாந்துக்குப் போன முதல் குளிர்காலத்தில், கம்பளிச் சட்டை ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் பல் கிட்டிப்போய் நின்ற அருமைநாயகத்தை வீட்டுக்குக் கூட்டிப்போய், செத்துப்போன தன் புருஷன் ஹாரல்டின் மேல்கோட்டைத் தூக்கிக் கொடுத்த மகராசி. பிறகு வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் சாப்பாடு அவள் வீட்டில்தான். ஹாரல்டின் முன்னோரில் ஒருவரான கேப்டன் ஹென்றி விட்லாக், நம் கோட்டைக்குறிச்சிப் பட்டாளத்தில் இருந்து காய்ச்சலில் இறந்தவர். ஊரில் இங்கிலீஷ் கோயில் என்று சொல்லப்படும் பழைய கோயிலின் வடக்குச் சுவரில், மணம் முடிக்காமல் ஆண்டவருக்கும் பட்டாளத்துக்கும் தன்னைக் கொடுத்தவர் என்று அவருக்குப் பளிங்குக்கல் இருக்கிறது. ‘ஹாரல்டுக்கு அந்தக் கேப்டன்மேல் கொள்ளைப் பிரியம். வம்சமரத்தைச் சட்டம் போட்டு மாட்டப்போகிறேன், பேரப்பிள்ளைகள் எல்லாம் வருகிறார்கள்’ என்று அவள் எழுதியிருந்தாள்.

அதே சமயத்தில் அவரிடம் வேறொருத்தியும் கேட்டிருந்தாள். இங்கிலீஷ் கோயிலையும் கல்லறைத் தோட்டத்தையும் கூட்டிப் பெருக்கும் கிருபை.

“தம்பி, அந்தப் பழைய ரிஜிஸ்டர்ல எங்க ஆளுக பேரு எதாவது கெடக்கா பாருங்களேன்” என்று விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். “எனக்கில்ல, எங்கம்மைக்கு. சின்னப்புள்ளைல இருந்து அவள தொரமவ, பூனக்கண்ணின்னே கூப்பிட்டுட்டாவ. பள்ளிக்கூடத்துல, தண்ணிக் கொழாயில, கல்யாணப் பந்தல்ல, எங்க போனாலும் அதான். இப்ப படுக்கையில கெடந்துக்கிட்டு ஒத்தக் கால்ல நிக்கா. அது நெசமா, இல்ல வெறும் ஏச்சான்னு தெரிஞ்சிக்கிட்டுத்தான் சாவாளாம்.”

“படுத்துக்கிட்டே ஒத்தக் கால்ல நிக்காங்களா?” என்று அருமைநாயகம் சிரித்தார்.

“எங்கம்ம செய்வா” என்றாள் கிருபை.

மூன்று வாரத்தில் இரண்டும் கிடைத்தன, ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு. 1841-ஆம் வருஷ ஞானஸ்நானப் பதிவேட்டில், ‘எலிசபெத், தாய் முத்துப்பேச்சி, இவ்வூர்ப் பெண், தகப்பன்’ என்று எழுதி, அதற்கு நேரே பெயருக்குப் பதிலாக எச்.டபிள்யூ. என்று இரண்டே எழுத்து, ஹென்றி விட்லாக்கின் இங்கிலீஷ் முதலெழுத்துகள். அந்த எலிசபெத்திலிருந்து கல்யாணப் பதிவு கல்யாணப் பதிவாகப் பிடித்துக்கொண்டு வந்தால், ஐந்து பெண்களைத் தாண்டி, கிருபையின் தாய் ராசம் படுத்திருக்கும் கயிற்றுக் கட்டிலில் வந்து முடிந்தது. கேப்டனின் உயிலோ இன்னும் வெளிப்படையாகப் பேசியது. ‘என் சாம்பல் நிறப் பெண்குதிரையைச் சேணத்தோடும் கடிவாளத்தோடும், என் வீட்டில் எனக்குத் துணையாயிருந்த முத்துப்பேச்சிக்கும், அவளிடத்தில் எனக்குப் பிறந்த மகளுக்கும், அவர்கள் சந்ததிக்கும் கொடுக்கிறேன். அவர்கள் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, இது உன்னுடையது என்று நாலுபேர் கேட்கச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். இதை நிறைவேற்ற நான் நியமிப்பது’ என்று எழுதி, அதற்குமேல் காலியாக இருந்தது. நியமிக்க யாரும் அகப்படவில்லையா, கேட்ட ஆட்கள் கையை விரித்துவிட்டார்களா, காய்ச்சல் முந்திக்கொண்டதா, தெரியாது. குதிரையைப் பட்டாளத்தில் ஏலம் போட்டுவிட்டதாக உயிலின் பின்பக்கம் வேறொரு கை குறித்திருந்தது.

அருமைநாயகம் வழக்கம்போல் பிரதி எடுத்தார். மின்சாரம் போன மத்தியானம். வியர்வையில் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. ஓரத்தில் விழவேண்டிய கையெழுத்து காலியிடத்துக்குள்ளேயே விழுந்துவிட்டது. நான் நியமிப்பது சா. அருமைநாயகம். மை காய்ந்த பிறகுதான் கவனித்தார். பதிவுத் தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஆனால் அதைவிடப் பெரிய குற்றத்தை அவர் அன்று சாயங்காலமே செய்யப்போகிறார் என்பதால் இது சின்னதாகிப்போனது.

ஏனென்றால் அவர் மிஸஸ் விட்லாக்கை நினைத்தார். சட்டம் போட்ட வம்சமரத்தையும், அதைச் சுற்றி நிற்கப்போகும் பேரப்பிள்ளைகளையும், தன் தோளில் அவள் தூக்கிப் போட்ட கோட்டின் கனத்தையும் நினைத்தார். ஒரு பக்கம் அங்கே ஒரு கிழவி, இன்னொரு பக்கம் இங்கே ஒரு கிழவி. யார் வீட்டில் சாப்பிட்டிருந்தாரோ அவள் பக்கம் அவர் மனசு சாய்ந்தது. கேப்டனுக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் வம்சமரத்தை அனுப்பினார். உயிலின் பிரதியை ஹாரல்டின் கோட்டுப் பையில் மடித்து வைத்து, கோட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

“இல்லக்கா. எல்லாம் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல.”

கிருபை அவரை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவைப்போல் அவளுக்கும் அந்தச் சாம்பல் நிறப் பூனைக்கண்தான்.

“சரி தம்பி. எழுத்துல இல்லன்னா இல்லதான். எங்கம்மைட்ட சொல்லிருதேன். நீங்க சொன்னா வேதத்துல இருக்க மாதிரில்லா.”

மறுநாள் காலையில் குதிரை வந்து நின்றது.

குதிரை எங்கிருந்து வந்தது என்று கோட்டைக்குறிச்சியில் யாரும் கேட்கவில்லை. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு என்றைக்குமே முக்கியமில்லை. யாருடையது என்பதுதான் முக்கியம். குதிரை அருமைநாயகத்தைத் தவிர வேறு யாரையும் வாரைத் தொட விடவில்லை, அவரையும் தனியே விடவில்லை. அவர் தபாலாபீசுக்குப் போனால் தபாலாபீஸ் வாசலில் நின்றது, முடிவெட்டப் போனால் கண்ணாடியில் தலையை நீட்டித் தன்னைப் பார்த்துக்கொண்டது, ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு அவர் முழங்கால் போட்டபோது தெற்கு வாசலில் நின்று பெருமூச்சு விட்டது, பஸ் ஏறி அவர் திருநெல்வேலிக்குப் போன அன்று பஸ்ஸுக்குப் பின்னாலேயே பதினாலு மைல் ஓடி வந்து, சாயங்காலம் அதே பஸ்ஸுக்குப் பின்னாலேயே திரும்பியது. கண்டக்டர் முதல் நாள் கத்தினார், இரண்டாம் முறை “ஒங்க ஆளு வந்துட்டாளா, ரைட் குடுக்கட்டுமா?” என்று கேட்டார். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் தங்கள் வரிசையில் அதற்குப் பதினெட்டாம் நம்பர் கொடுத்தார்கள். நகராட்சிச் சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்து, மாட்டுக்கு இருக்கும் விதி குதிரைக்கு இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். சாணத்தை மல்லிகைத் தோட்டக்காரர்கள் முறைவைத்து வாரிக்கொண்டு போனார்கள், அந்த வருஷம் மல்லிகை மொட்டு கட்டைவிரல் பருமனுக்கு வந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கேட்டார்கள். மாப்பிள்ளையை ஏற்றியதும் குதிரை நேராக அருமைநாயகத்தின் வீட்டுக்குப் போய் நின்றுவிட்டதால், தாலி கட்டும் நேரம் தப்பாமல் இருக்க மாப்பிள்ளை ஆட்டோவில் போனார்.

கடைசியில் பத்திர எழுத்தர் மூக்காண்டிதான் விஷயத்தைத் தொட்டார். நாற்பது வருஷமாகச் சார்பதிவாளர் அலுவலகத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கிரயமும் உயிலும் எழுதுகிறவர். குதிரையை மூன்று சுற்று சுற்றி வந்து, சேணத்தின் மடிப்பைத் தூக்கிப் பார்த்தார். தோலில் எச்.டபிள்யூ. என்று தைத்திருந்தது.

“இது எழுதி வச்ச குதிரல்லா வேய்” என்றார். “நிக்கித நிப்பப் பாத்தாலே தெரியலையா? வெலைக்கு வாங்கின குதிர தீனியப் பாக்கும். தொலைஞ்ச குதிர ரோட்டப் பாக்கும். இது ஆளு மொகத்தப் பாக்கு. இன்னாருக்குக் குடுக்கணும்னு எழுதி வச்ச பொருளு, குடுக்க வேண்டிய ஆளத்தான் சுத்திச் சுத்தி வரும். சார்வாள், நீரு எதுலயும் கையெழுத்துப் போட்டீரா?”

கூடியிருந்தவர்கள் அருமைநாயகத்தைப் பார்த்தார்கள். குதிரையும் பார்த்தது.

“எத்தனையோ காயிதத்துல போடுதேன்” என்றார் அருமைநாயகம்.

“அதுல ஒண்ணுதான். தேடிப் பாரும்” என்று சொல்லிவிட்டு மூக்காண்டி வேப்பமரத்தடிக்குப் போனார்.

சேதி பரவியதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பட்டாளத்துக்குப் புல்லுக்கட்டு போட்ட வம்சம் என்று ஒருவர், லாடம் அடித்த வம்சம் என்று ஒருவர், கேப்டனுக்குப் பேதிக்கு மருந்து கொடுத்த வைத்தியர் வழியில் வந்த மூன்று அண்ணன் தம்பிகள். குதிரை ஒவ்வொருவரின் உள்ளங்கையையும் மரியாதையாக முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அவர்களும் கோபித்துக்கொள்ளவில்லை, கேட்டுப் பார்த்ததில் தப்பில்லை என்று டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

கிருபை மட்டும் கேட்க வரவில்லை. ஆனால் தினமும் வந்தாள். கல்லறைத் தோட்டத்தில் அறுத்த பச்சைப் புல்லை ஒரு கட்டாகக் கட்டித் தலையில் கொண்டுவந்து, கேட்டுக்கு வெளியே போட்டாள். புல் விழுந்ததும் குதிரை தின்னாது. முதலில் கிருபையின் தோளில் நெற்றியை வைத்து அப்படியே நிற்கும். பிறகு தலையைத் தூக்கி, ஜன்னலுக்குப் பின்னால் நிற்கும் அருமைநாயகத்தைப் பார்க்கும். வெகு நேரம் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் குனியும். கிருபையோடு போய்விட அதற்கு நான்கு கால்கள் இருந்தன. ஆனால் கொண்டுபோய் நிறுத்தி ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது, எழுதியதற்கு மேல் ஒரு அடி வைக்கத் தெரியாத குதிரையாக இருந்தது அது.

“நீயும் போயிக் கையக் காட்டிப் பாரேன் கிருபை” என்று பூக்காரி ஒருத்தி ஒருநாள் கேட்டது அவர் காதில் விழுந்தது. “ஒன்கிட்டத்தான் இப்பிடி ஒட்டுது.”

“என்னத்துக்கு? தம்பி ரிஜிஸ்டரப் பாத்துச் சொல்லிட்டாரு, நமக்கும் அந்தத் தொரைக்கும் ஒண்ணுமில்லன்னு. எங்கம்மையும் செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா. அப்பொறம் நான் போயி நின்னா நல்லாவா இருக்கும்?”

அருமைநாயகம் ஜன்னலைச் சாத்தினார். இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று ஒவ்வொரு நாள் காலையிலும் எழுந்தார். மிஸஸ் விட்லாக்கின் விருந்து முடியட்டும் என்று ஒரு வாரம் தள்ளினார். ஐயர் கன்வென்ஷன் கூட்டத்திலிருந்து திரும்பட்டும் என்று ஒரு வாரம் தள்ளினார் (போதகரை ஐயர் என்பது அந்தப் பக்கத்து வழக்கம்). மழை விடட்டும் என்று இரண்டு நாள். ஒருநாள் ஹாரல்டின் கோட்டை வெயிலில் உலர்த்தப்போவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெட்டியைத் திறந்து, பையில் இருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினார். ‘இல்லை’ என்று சொன்னதிலிருந்து நாற்பத்தோராவது நாள் ராசம் இறந்துபோனாள்.

அடக்கத்துக்கு அவர் போனார். அவர் போனதால் குதிரையும் வந்தது. சவப்பெட்டிக்குப் பின்னால் அவர், அவருக்குப் பின்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெறும் சேணத்தோடு குதிரை. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. “பட்டாளத்து அடக்கம் மாதிரில்லா இருக்கு” என்றார்கள், “தொரமவ தொரமவன்னாவளே, குதிரையோடல்லா போறா” என்றார்கள். கேலி செய்த வாய்களே அப்படிச் சொல்லி மூக்கைச் சிந்தின. ஐயர் மண்ணுக்கு மண் என்று சொல்லி முடித்தபோது, அருமைநாயகமும் ஒரு பிடி மண்ணைப் போட்டார். அந்த மண் பெட்டியின் மேல் விழுந்த சத்தம், கதவைத் தட்டிவிட்டு உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்த சத்தமாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்து அவர் மிஸஸ் விட்லாக்குக்கு எல்லாவற்றையும் எழுதினார். உங்கள் கேப்டனுக்கு ஒரு பெண் இருந்தாள், மகள் இருந்தாள், நான் மறைத்தேன், வம்சமரத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிடுங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கலாமா என்று எப்போதும்போல் மனசு ஓர் இடுக்கைத் தேடியபோது, வெளியே குதிரை காலைத் தரையில் உரசியது. அவர் எழுந்தார். பெட்டியைத் திறந்து பிரதியை எடுத்தார். வாரைக் கம்பியிலிருந்து அவிழ்த்தார். அத்தனை நாளும் பின்னால் வந்த குதிரை, அன்றைக்கு முதல் தடவையாக அவருக்கு முன்னால் நடந்தது.

கிருபை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்திலிருந்து ராசத்தின் சாவுக்குத் துஷ்டி கேட்க வந்தவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். மூக்காண்டியும் இருந்தார். அருமைநாயகம் பிரதியைப் பிரித்து, பதிவேட்டில் இருந்ததையும் உயிலில் இருந்ததையும் தமிழில் வாசித்தார். முத்துப்பேச்சி தொடங்கி ராசம் வரைக்கும் ஐந்து பெண்களைத் தாண்டிவந்த வழியை ஒவ்வொரு பெயராகச் சொன்னார். தான் பொய் சொன்ன தேதியையும் சொன்னார். பிறகு வாரை நீட்டி, “இது உன்னுடையது” என்றார். எழுத்திலிருந்து வந்த வாக்கியம் என்பதால் அது அப்படித்தான் வந்தது, பேச்சு வழக்கில் வரவில்லை.

கிருபை முறத்தைக் கீழே வைத்தாள்.

“சத்தமாச் சொல்லுங்க.”

“இது உன்னுடையது.”

“அந்தக் கடைசி வீட்டுக்குக் கேக்காது. அவதான் எங்கம்மைய ஜாஸ்தியாப் பேசினவ.”

அவர் கத்திச் சொன்னார். கடைசி வீட்டின் கதவு திறந்து, ஒரு வெள்ளைத்தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. கிருபை எழுந்து வந்து வாரை வாங்கிக்கொண்டாள். குதிரை அவள் தோளில் நெற்றியை வைத்தது. இந்த முறை தலையைத் தூக்கி யாரையும் பார்க்கவில்லை.

“நாப்பத்தோரு நாளு” என்றாள் கிருபை. “நாந்தான் தெனம் ஒங்க வாசலுக்கு வந்தனே. கேட்டத் தொறந்து ஒரு வார்த்த. எங்கம்ம ஒரு வார்த்தைக்குத்தான கெடந்தா. எங்கிட்ட கூடச் சொல்லாண்டாம், அவ காதுல சொல்லிட்டு ஓடிருக்கலாம்லா?”

மன்னிப்புக் கேட்க அருமைநாயகம் வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அதைக் கேட்பதும் இன்னொரு பறிப்பாகிவிடும் என்று தோன்றி, விழுங்கினார்.

“சாயங்காலம் கல்லறைக்கு வாங்க. அங்க நின்னும் வாசிக்கணும். காது அவளுக்குக் கொஞ்சம் மந்தம், குனிஞ்சு வாசிங்க” என்றாள். வாசித்தார். குனிந்துதான் வாசித்தார்.

வாக்கு நிறைவேறியதும் குதிரை மறைந்துபோகும் என்று ஊரில் சிலர் எதிர்பார்த்தார்கள். அப்படியெல்லாம் ஆகவில்லை. கொடுத்த பொருள் எங்கே போகும்? கிருபை வீட்டு முருங்கைமரத்தில் கட்டிக் கிடந்தது. சில நாள் கழித்து அவளே அதில் ஏறிக் கோயில் கூட்டப் போனாள், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, விளக்குமாற்றைச் சேணத்தில் செருகிக்கொண்டு. கேப்டனின் பளிங்குக்கல்லில் மணம் முடிக்காமல் என்ற வரியை என்ன செய்வதென்று சபைக் கமிட்டி மூன்று கூட்டம் கூடி, ஒன்றும் முடிவாகாமல், அதன்கீழே முத்துப்பேச்சிக்கு ஒரு கல் வைத்துவிட்டது.

மிஸஸ் விட்லாக்கின் பதில் அந்தக் கல் வைத்த வாரத்தில் வந்தது. ‘அருமை மகனே, யாரோ ஒருத்தி இருந்தாள் என்று ஹாரல்டுக்குத் தெரியும். கேப்டனின் கடிதங்களை ஹாரல்டின் அத்தை அடுப்பில் போட்டுவிட்டாள். சாகும்வரைக்கும் ஹாரல்ட் அதைச் சொல்லி வருத்தப்பட்டார். உன்னைவிட்டால் அவளைக் கண்டுபிடிக்க ஆள் இல்லை என்றுதான் இந்த வேலையையே உன்னிடம் கொடுத்தேன். நீ அனுப்பிய மரத்தில் கேப்டனுக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்ததைப் பார்த்து, உன்னாலும் முடியவில்லையே என்று அழுதேன். அவள் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று மட்டும் எனக்கு எழுது.’

அருமைநாயகம் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தார். யாருக்காகப் பொய் சொன்னதாக நினைத்தாரோ அவளும் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்திருக்கிறாள். பொய்க்கு முட்டுக் கொடுத்து நின்ற ஒரே தூணும் போய்விட்டது. இப்போது அது முழுக்க முழுக்க அவருடையது. பெரிய காகிதம் எடுத்துப் புது வம்சமரம் எழுதினார். கேப்டனுக்குப் பக்கத்தில் முத்துப்பேச்சி, கீழே எலிசபெத், அதற்குக் கீழே ஒவ்வொருத்தியாக எழுதி, ராசத்தின் பெயருக்கு நேரே இறந்த தேதியையும் எழுதினார். ‘இல்லை’ என்று தான் சொன்ன தேதியை எழுத அந்த மரத்தில் இடம் இருக்கவில்லை. எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

அன்றிலிருந்து விடிந்ததும் அருமைநாயகம் அரிவாளோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. புல் அறுத்துப் பழக்கமில்லாத கை; முதல் வாரம் புல்லைவிட விரலைத்தான் அதிகம் அறுத்தது. புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தெரு வழியாக நடக்கும்போது, அத்தனை நாள் பழக்கத்தில், பின்னால் குளம்புச் சத்தம் வருகிறதா என்று ஒவ்வொரு முக்கிலும் நின்று கேட்கிறார். வருவதில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் இருந்து யாராவது, “என்ன சார்வாள், பதினெட்டாம் நம்பருக்குச் சாப்பாடா?” என்று கேட்கிறார்கள்.

முருங்கைமரத்தடியில் புல்லை இறக்கி வைக்கிறார். கிருபை அரிசி களைந்துகொண்டிருப்பாள், அல்லது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். முந்தி அவள் வாயில் இருந்த தம்பி என்ற சொல்லைக் கேட்டு இப்போது எத்தனையோ நாளாகிவிட்டது.

“வச்சிட்டுப் போங்க சார்” என்கிறாள்.

குதிரை புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு நிற்கிறது. அவர் தெரு முக்கைத் திரும்பும்வரைக்கும் நிற்கிறது. திரும்பி மறைந்த பிறகுதான், அது மெல்லும் சத்தம் அவர் காதுக்குக் கேட்க ஆரம்பிக்கிறது.